இடதுபுறம் நிற்காமல் செல்லலாம்

ஜூன் 9, திங்கள்

ரெஜினாவின் காலில் பஸ் ஏறிவிட்டது. எங்கள் கடை வாசலிலேயே.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். காலையில் நான் இன்சுலின் பெட்டிகளை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ரெஜினா எதிர்ப்பக்கம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி சிக்னலுக்காக நின்றாள். எங்கள் மருந்துக்கடையில் பல வருடமாக வேலை பார்க்கிறவள். ஒரு நாளும் சிவப்பில் ஓடி வந்ததில்லை. அதற்காக நான் அவளைக் கேலிகூடச் செய்திருக்கிறேன். சிக்னலில் நடக்கிறவர்களுக்கான பச்சை ஆள் எரிந்தது. என்னைப் பார்த்து டிபன் பையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தாள். ரோட்டைக் கடந்தும் முடித்துவிட்டாள். எங்கள் படியை ஒட்டி பைக்குகள் நின்றதால் ஏற இடமில்லாமல், அவற்றைச் சுற்றிக்கொண்டு ரோட்டோரமாகவே வந்தாள். அப்போது கடையின் பக்கவாட்டிலிருந்து ஒரு தனியார் பஸ், வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கம் திரும்பியது. எங்கள் கடை இருக்கிற இந்த மில் முக்கில் இடப்பக்கம் திரும்புகிறவர்களுக்குச் சிவப்பே கிடையாது. ‘இடதுபுறம் நிற்காமல் செல்லலாம்’ என்று நீலப் பலகையே வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் அவளைத் தள்ளியது. பின்சக்கரம் ஏறியது.

கூட்டம் கூடியது. தூக்கியவர்கள் இரண்டு பேர். படம் எடுத்தவர்களை எண்ண முடியாது. ஒருவன் படம் எடுத்துக்கொண்டே கடைக்குள் வந்து, கண்ணை போனிலிருந்து எடுக்காமல், தலைவலி மாத்திரை கேட்டான். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கை பழக்கம்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கடைக்குள் ஒரு போன் அடித்தது. ரெஜினாவுடையது. சனிக்கிழமை சார்ஜில் போட்டவள் மறந்து விட்டுப் போயிருக்கிறாள். அவள் மகள் கல்லூரியிலிருந்து பேசினாள். “அம்மா கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவா கண்ணு” என்றேன். என் கணவர் சென்னியப்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் வைத்ததும், “அவ வீட்டுக்காரன்கிட்ட அந்த போனக் குடுத்துரு” என்றார்.

மத்தியானம் வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். வியாபாரம் நடக்க வேண்டுமாம். சிவப்பு நுரை சாக்கடைக்கு ஓடியது. அதைத் தாண்டி ஒரு பெண்மணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து ப்ரெஷர் மாத்திரை வாங்கிப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

இன்ஸ்பெக்டர் வந்தார். கடைக்கு வெளியே நாற்காலி போட்டு இவரோடு உட்கார்ந்து டீ குடித்தார். நான் எழுந்து போனபோது, “நீ உள்ள வியாபாரத்தப் பாரு வசந்தாமணி, நான் பேசிக்கறேன்” என்றார் இவர். ரெஜினாவுக்காக ஸ்டேஷனுக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டார். இந்த வெயிலில் அலைகிறாரே என்று மோர் கரைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் பஸ் முதலாளி ராக்கியண்ணன் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். டிரைவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்களாம். “சின்னப்பய, அவசரப்பட்டுட்டான்” என்றார். அவசரப்படச் சொல்லி நேரம் போட்டுக் கொடுக்கிறவர் அவர்தான். முன்னால் போகிற பஸ்ஸை முந்தவில்லை என்றால் அன்றைய பேட்டா கிடையாது என்று டிரைவர்களே கடையில் நின்று புலம்பியிருக்கிறார்கள். ஆப்பிள் ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஸ்டிக்கர். நான் தொடவில்லை. இவர் ஒன்றை நறுக்கி உப்பு, மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

பேப்பரில் வந்திருக்கிறது. ‘செல்போனில் பேசியபடி சாலையைக் கடந்த பெண் மீது பஸ் மோதல்.’ நேரில் பார்த்தவர் போலீஸில் தெரிவித்தாராம்.

கடைக்கு வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். “இந்தப் பொம்பளைக போன் பேசீட்டே போறாளுக, அப்புறம் டிரைவரக் கொற சொல்றது” என்றார் இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர். எச்சில் என் கண்ணாடி மேசையில் தெறித்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சரக்கு வந்து இறங்கியிருந்தது.

ஜூன் 18, புதன்

மாநகராட்சியிலிருந்து உதவிப் பொறியாளர் ஒரு பெண் வந்தாள். நர்மதா என்று பெயர். டேப்பை நீட்டி முக்கு முழுவதும் அளந்துவிட்டு, வியர்த்துக் கொட்ட, குளுக்கோஸ் வாங்க உள்ளே வந்தாள்.

“அளந்து என்னங்க ஆகப்போகுது? சிக்னல்தான் இருக்குதே” என்றேன்.

“சிக்னல் இருக்கறதாலதான் மேடம் பிரச்சனையே. பச்சை எரியுதுன்னு நம்பி மக்கள் இறங்கறாங்க. திரும்பற வண்டி அத மதிக்கறதே இல்ல.”

மேசைமேல் இருந்த மருந்து அட்டைப் பெட்டிகளை எடுத்து அடுக்கிக் காட்டினாள். நான்கு பெட்டி நான்கு மூலை. இருமல் மருந்துப் புட்டி பஸ். “இந்த மூலைய வில்லு மாதிரி வளைச்சுக் கட்டியிருக்காங்க. வளைவு பெருசா இருந்தா பஸ் பிரேக்கே போடாமத் திரும்பும். மூலைய வெளிய இழுத்துக் கூராக் கட்டினா நின்னு நிதானிச்சுத்தான் திரும்பணும். இடப்பக்கத்துக்கும் சிவப்பு வேணும். வலப்பக்கம் திரும்பறவங்களுக்குத் தனி நேரம். எல்லாத்துக்கும் மேல, வண்டிக்குப் பச்சை போடறதுக்கு ஏழு செகண்ட் முன்னாடியே நடக்கறவங்களுக்குப் பச்சை. அவங்க பாதி ரோட்டுல போயிட்டு இருந்தாங்கன்னா டிரைவர் கண்ணுல படாம இருக்க முடியாது. நடுவுல நின்னு மூச்சு வாங்க ஒரு திட்டு. அவ்வளவுதான் மேடம். பாலம் வேண்டாம், சுரங்கம் வேண்டாம்.”

“அவ்வளவுதானா? அப்புறம் ஏன் இத்தன நாளாச் செய்யல?”

அவள் பெட்டிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். “போன வருஷமே கொண்டு வந்தோம். கடைக்கு முன்னால வண்டி நிறுத்த முடியாமப் போயிரும்னு வியாபாரிகள் சங்கம் எதிர்த்துச்சு. அதோட நின்னுருச்சு.”

சங்கத்தின் தலைவர் சென்னியப்பன். அவளுக்கு அது தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது. குளுக்கோஸைக் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “தப்பா நினைக்காதீங்க. உங்க படியும் சாய்தளமும் நடைபாதை மேல இருக்குது. அவங்க ரோட்டுல நடந்ததுக்கு அதுதான் காரணம்னு ரிப்போர்ட்ல எழுதியாகணும்.”

ஜூன் 19, வியாழன்

இன்று பூராவும் எங்கள் படியில் யார் ஏறுகிறார்கள், யார் சுற்றிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து ரோட்டில் இறக்கிப் போனாள். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஜினா உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படும் பாட்டை அவள் பார்த்துவிட்டாள்.

“பாருங்கக்கா. ஒண்ணும் ஆகாது. நானே பாத்துட்டேன்.”

அவள் கணவர் அருள்ராஜ் பெயிண்டர். விரலெல்லாம் பச்சை பெயிண்ட் காய்ந்திருந்தது. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினேன்; வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராதுங்க. போன் பேசீட்டுப் போனான்னு சாட்சி இருக்குதாம்.”

“யாரு அந்தச் சாட்சி? அந்த நாயக் கூட்டியாங்க, நான் கேக்கறேன்” என்றேன்.

அருள்ராஜ் என்னையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“நாஞ் சொன்னேனில்ல, அக்காவுக்குத் தெரியாதுன்னு” என்றாள் ரெஜினா. குரல் உடையவில்லை. சளி பிடித்தவள் மாதிரி மூக்கை உறிஞ்சினாள். “நம்ம கடை அண்ணன்தானுங்கக்கா எழுதிக் குடுத்திருக்கறாரு.”

வார்டில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

வீட்டில் இவர் ரவை உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அவ போன் கடைல இருந்துது. நான் பேசறப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க.”

“இப்ப அதுக்கு என்ன?”

“போன் பேசீட்டு வந்தான்னு எப்படிங்க எழுதிக் குடுத்தீங்க?”

மெல்லுவதை நிறுத்தவில்லை. “அவ ஏன் ரோட்டுல நடந்தான்னு கேள்வி வரும். அப்புறம் படி வரும். படிய உடைன்னுவான். இன்சூரன்ஸ்காரன் நம்ம மேல கேஸ் போடுவான். நான் யாருக்காகச் செஞ்சேன்? உனக்காகவும்தான். ராக்கியண்ணன் அவளுக்குத் தனியா ஏதாச்சும் செய்யறேன்னுருக்கான். கால் போயிருச்சு, நான் என்ன எழுதினாலும் முளைக்கப் போகுதா?”

தட்டில் இருந்த கறிவேப்பிலையை விரலால் ஓரம் ஒதுக்கினார். இருபத்தாறு வருடமாக அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். இன்று அது ஏதோ புழு மாதிரி இருந்தது.

“கொஞ்சம் சட்னி வை” என்றார்.

சட்னிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வைத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். தனியாக.

இன்ஸ்பெக்டர் நாற்காலி காட்டினார். சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவைக் காதில் விட்டுக் குடைந்தார். “உங்கூட்டுக்காரர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ஊட்டுல பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்கம்மா.”

“ஊட்டுல பேச ஒண்ணுமில்லீங்க. நான் பாத்தத எழுதிக்குங்க.”

“ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னா கோர்ட்டுல உங்களுக்குத்தான் அசிங்கம்.”

“அசிங்கம் ஏற்கனவே வந்தாச்சு. பஸ் ஏறினதுக்கு அப்புறம் அவ மக அந்த நம்பருக்குக் கூப்பிட்டா. எடுத்துப் பேசினது நான். பேசினப்ப அந்த போன் எங்க இருந்துதுன்னு கம்பெனில கேட்டுப் பாருங்க. அவ ஆம்புலன்ஸ்ல, போன் என் கடைல.”

காதிலிருந்து பேனாவை எடுத்து, அதாலேயே எழுத ஆரம்பித்தார். கையெழுத்துப் போட அதே பேனாவை நீட்டினார். என் பையில் இருந்த பேனாவால் போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

இரண்டு வாரம் சோதனை ஓட்டமாம். நர்மதா ஆட்களோடு வந்து மூலையை வெளியே இழுத்து ஆரஞ்சுக் கூம்புகளும் பிளாஸ்டிக் கம்பங்களும் நட்டாள். தரையில் பட்டை பட்டையாக வெள்ளை பெயிண்ட். நீலப் பலகையைக் கழற்றினார்கள். இடப்பக்கம் போகிறவர்களுக்கும் சிவப்பு.

முதல் தடவையாக வண்டிகள் எல்லாம் நிற்க, மக்கள் மட்டும் நடந்தார்கள். நடந்தவர்களுக்கே நம்பிக்கையில்லை. கையைக் காட்டிக்கொண்டே ஓடினார்கள்.

ஜூலை 7, திங்கள்

மனிதர்களைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பைக்காரர்கள் கம்பங்களுக்கு இடையில் புகுந்து போகிறார்கள். இடிக்கிறது என்று நேற்று ஒருவன் இறங்கி ஒரு கம்பத்தை உதைத்தே சாய்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சிரித்தாள். வெற்றிலை போடுகிறவர்களுக்குத் துப்ப வாகாக ஒரு கூம்பு கிடைத்துவிட்டது. ஆரஞ்சு நிறம் இப்போது தெரியவில்லை. நாலைந்து கூம்புகளைக் காணோம் என்று நர்மதா தேடினாள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுக் காருக்கு இடம் பிடிக்க வைத்திருந்தார்கள். கேட்கப் போனவளுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி உபசாரம்.

“கோவம் வரலியா?” என்றேன்.

“சாம்பார் நல்லா இருந்துச்சு மேடம்” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். தூசி என்றாள்.

ஜூலை 10, வியாழன்

சங்கக் கூட்டம். சோதனையை உடனே எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடக் கூடினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். ஆண்கள் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்கள், ஏதோ ஈரமான குடையை யாரோ உள்ளே கொண்டுவந்துவிட்ட மாதிரி. “அக்கா, ஏதாச்சும் வேணுமுங்களா?” என்றார் பேக்கரிக்காரர்.

“உறுப்பினர்தானே? பேசலாமில்ல?” என்றேன். கடை உரிமம் என் பெயரில்தான். மருந்தாளுநர் படிப்பு படித்தவள் நான். இவருக்கு மாத்திரையின் நிறம்தான் தெரியும்.

வண்டி நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இவர் தலைமை நாற்காலியில் தலையாட்டினார். என் முறை வந்தது.

“எங்க கடைப் படி நடைபாதை மேல இருக்குது. அதச் சுத்தி வந்துதான் ரெஜினாவுக்குக் கால் போச்சு. முதல்ல எங்க படிய உடைக்கணும். சோதனை அப்படியே இருக்கட்டும். என் ஓட்டு அதுக்குத்தான்.”

பேக்கரிக்காரர் தன் கடைப் படியை மனதுக்குள் அளப்பது அவர் கண்ணில் தெரிந்தது. “குடும்பப் பிரச்சனைய இங்க கொண்டாந்தா எப்படிங்க” என்றார் ஒருவர். எல்லோருக்கும் மூச்சு வந்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்று. பஜ்ஜி கொடுத்தார்கள்.

ஜூலை 12, சனி

“நீ என்னை நாலு பேர் முன்னால நிர்வாணமா நிறுத்திட்ட” என்றார். இன்று முதல் முறையாகச் சாப்பிடாமல் படுத்தார்.

“படிய உடைங்க. இல்லீன்னா திங்கக்கிழமைல இருந்து நான் கடைக்கு வரமாட்டேன். நானில்லாம நீங்க மருந்து குடுக்கக் கூடாது. தெரியுமில்ல?”

“மெரட்டறயா?”

“ஆமாங்க.”

ஜூலை 14, திங்கள்

போகவில்லை. வீட்டில் பாத்திரம் விளக்கி, பீரோ துணியை மடித்து, பரணைக்கூட ஒழித்தேன். கடைக்கு வந்தவர்களையெல்லாம் இவர் திருப்பி அனுப்பினாராம். சோப்பும் சானிட்டரி நாப்கினும் மட்டும் விற்றாராம்.

ஜூலை 17, வியாழன்

உடைத்தார்கள்.

இவரே கொத்தனாரைக் கூட்டிவந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கிரானைட் பலகைகளைப் பெயர்த்ததும் அடியிலிருந்து கரப்பான்கள் புறப்பட்டு நாலா பக்கமும் ஓடின. செத்து உலர்ந்த பெருச்சாளி ஒன்று. எந்தக் காலத்திலோ விழுந்த மாத்திரை அட்டைகள், சிரிஞ்சுகள், கறுத்த சேறு. தெருவே மூக்கைப் பொத்தியது. இதன்மேல் நின்றுதான் தினமும் சாம்பிராணி காட்டியிருக்கிறேன்.

சேற்றை வழித்ததும் கீழே மஞ்சள் கற்கள். பார்வை இல்லாதவர்கள் காலால் தடவி நடக்கிற புள்ளி புள்ளியான கற்கள், ஒன்றுகூட உடையாமல், முக்கு வரை வரிசையாக. யாரோ ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நாங்கள் படி கட்டியிருக்கிறோம்.

மத்தியானமே அந்த இடத்தில் ஒருவன் பைக்கை நிறுத்தினான். நான் இறங்கிப் போய் எடுக்கச் சொன்னேன். “நீ யாரு கேக்கறதுக்கு?” என்றான். நர்மதாவின் ஆட்கள் கம்பம் நடும்வரை நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கள் படி போனதும் சங்கத் தீர்மானத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சோதனை நடந்த நாட்களில் முக்கில் ஒரு விபத்தும் இல்லை என்று ஆணையர் நிரந்தரமாகக் கட்ட உத்தரவு போட்டுவிட்டார். பேக்கரிக்காரர் வந்து, “வியாபாரம் பரவாயில்லீங்கக்கா, நடந்து போறவிய நிறைய உள்ள வர்றாங்க” என்றார். பஜ்ஜி தின்ற அதே வாய்.

போன் நிறுவனத்தின் பதிவு வந்துவிட்டது என்று அருள்ராஜ் சொன்னார். குற்றப்பத்திரிகையில் ரெஜினா மேல் இருந்த தவறை எடுத்துவிட்டார்களாம். ஆனால் இவருடைய வாக்குமூலம் அப்படியேதான் இருக்கிறது. இவராக மாற்றிக் கொடுக்காதவரை இன்சூரன்ஸ் வக்கீல் அதைப் பிடித்துத் தொங்குவார்.

இன்று கேட்டேன். “இனி எதுக்கு? அதான் எல்லாம் சரியாயிருச்சே” என்றார். சங்கத்துக்குப் புது பேனர் அடிக்க படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். தலைமுடிக்கு மை போட்ட படம்.

செப்டம்பர் 18, வியாழன்

திறப்பு விழா.

மில் முக்கு அழகாகத்தான் இருக்கிறது. மூலை வெளியே வந்திருக்கிறது. ரோட்டு நடுவில் திட்டு. நிற்க வேண்டிய கோடு நன்றாகப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறது. அதை ஒட்டிப் பந்தல், நடைபாதையை முழுசாக அடைத்து. வந்தவர்களெல்லாம் ரோட்டில் இறங்கித்தான் நின்றார்கள். பேனரில் இவர் படம், கீழே ‘எங்கள் சங்கத்தின் விடாமுயற்சியால்’. நர்மதா பந்தலுக்கு வெளியே கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். அவளை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை.

ரெஜினாவைக் கூப்பிட்டார்கள். செயற்கைக் கால் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அருள்ராஜ் பிடித்துக்கொள்ள மேடை ஏறினாள். இவர் மைக்கில் ‘எங்கள் கடையின் சகோதரி’ என்றார். குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு நிஜம். அதுதான் தாங்க முடியவில்லை. உண்மையாகவே கண் கலங்கி, அவள் தோளில் பொன்னாடை போர்த்தினார். கை தட்டினார்கள்.

ரெஜினா அதை எடுத்து, நாலாக மடித்து, அவர் கையிலேயே கொடுத்தாள். மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

“பொன்னாட வேண்டாமுங்கண்ணா. நான் போன் பேசீட்டு வந்தேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்கல்ல, அது பொய்யின்னு இந்த மைக்ல ஒருக்காச் சொல்லிருங்க. எனக்கு அது போதும்.”

மைக் இவர் கைக்குப் போனது. வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடத்தில் இந்த ஆளிடம் அந்த அளவுக்காவது ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன்.

“எல்லாரும் டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

போனார்கள். சாப்பிட்டார்கள். காகிதக் கப்புகளைப் புதுத் திட்டின் மேல் போட்டார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா வீட்டின் பின்கட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்து ஒரு மாதமாகிறது. பெட்டியோடு வந்துவிட்டேன். பெங்களூரிலிருந்து மகள் போனில், “அம்மா, இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?” என்றாள். ஒட்டடை அடிக்க வேண்டும், அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

மில் முக்கின் எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்தகத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சேர்ந்துவிட்டேன். ரெஜினாவையும் எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. “இங்க படியே இல்லீங்கக்கா, சாய்தளம்தான்” என்றாள், முதல் நாள் உள்ளே வந்ததும்.

ஜன்னலிலிருந்து சிக்னல் தெரிகிறது. ஒழுங்காகிவிட்டது என்று எழுதினால் பொய். கோட்டைத் தாண்டித்தான் பைக்குகள் நிற்கின்றன. ஹாரனுக்கு ஓய்வில்லை. ஆனால் பச்சை ஆள் முதலில் எரிகிறது, மக்கள் பாதி ரோடு போகிறார்கள், பஸ்கள் நின்று முறைக்கின்றன. முறைத்தாலும் நிற்கின்றன.

இன்று மத்தியானம் எங்கள் கடை பக்கமிருந்து இவர் வந்தார். நடக்கிறவர்களுக்குச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே வண்டிகளுக்கு நடுவில் ஓடி வந்தார். ஒரு பைக்காரன் பிரேக் அடித்துச் சறுக்கி, அவர் அம்மாவைத் திட்டினான். மூச்சிரைக்க மருந்தக ஜன்னலில் நின்றார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இளைத்திருந்தார். முகச்சவரம் செய்யாத தாடையில் வெள்ளை தெரிந்தது. ரெஜினா மாத்திரை எடுக்க உள் அறைக்குப் போய்விட்டாள்.

“வந்துரு வசந்தாமணி. கடைய மூடி வெச்சிருக்கேன். மருந்தெல்லாம் தேதி முடிஞ்சு போயிட்டு இருக்குது.”

“ஸ்டேஷன் அந்தப் பக்கந்தான இருக்குது. போய் மாத்தி எழுதிக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

“எல்லாரும் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“இப்ப என்ன நினைக்கறாங்கன்னு நினைக்கறீங்க?”

பின்னால் மருந்துச்சீட்டோடு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் அவரை முழங்கையால் தள்ளி முன்னால் வந்தாள். அவர் ஒதுங்கி, கொஞ்ச நேரம் நின்று, திரும்பி நடந்தார். பாதி ரோட்டில் சிவப்பாகிவிட்டது. நடுத் திட்டில் ஏறி நின்றார்.

நான் அந்த அம்மாளுக்கு மாத்திரையை எண்ணி உறையில் போட்டு, காலையில் எது, இரவில் எது என்று எழுதிக் கொடுத்தேன். நிமிர்ந்தபோது பச்சை ஆள் எரிந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் மக்கள் இறங்கி, அவரை ஒட்டிக் கடந்து போனார்கள். வண்டிகள் எல்லாம் அவருக்காகவும் சேர்த்துத்தான் நின்றிருந்தன. அவர் மட்டும் நகரவில்லை.